ஞானஸ்நானத்துக்குப் பிந்திய பெயர்

இங்கே யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "கா கினி நுவான்?" என்றுதான். எங்கே போகிறாய் என்று அர்த்தம். நம் பக்கத்தில் வாசல்படி தாண்டுகிறவனைப் பார்த்து அப்படிக் கேட்டுவிட்டால், திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார்கள். சரவாக் நாட்டின் இந்த ஆற்றங்கரைக்கு வந்த புதிதில், குளிக்கப் போகும்போது நாலு பேர், திரும்பும்போது நாலு பேர் கேட்க, நின்று நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வெறும் முகமன் என்று தெரிய நாளாயிற்று. ஆனாலும் அந்தக் கேள்வி உறுத்தத்தான் செய்தது. இருபத்துமூன்று வயதில் ஊழியம் என்று கப்பலேறியவன் நான். எங்கே போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

இபான் மக்கள் ஒரே நீளக் கூரையின் கீழ் குடும்பம் குடும்பமாக வாழ்கிறார்கள். நான் இருக்கும் வீட்டுக்கு இருபத்தாறு கதவுகள். காலையில் பிள்ளைகளுக்கு எழுத்து, மாலையில் பெரியவர்களுக்கு வேதபாடம். ஞானஸ்நானம் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை படகில் வரும் ஆங்கிலேயப் போதகர்தான் கொடுக்க வேண்டும். என்னிடம் படித்து முதலில் விசுவாசத்துக்கு வந்தவன் ஓர் இளைஞன். பெயர் எந்திரி. அதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். விடிகாலையில் போர்வையை இழுத்து என் அம்மா சொல்லும் சொல் அல்லவா அது. அதை விளக்க அன்று எனக்குப் பாஷை போதவில்லை. கேலி செய்கிறேன் என்று நினைத்து இரண்டு நாள் வகுப்புக்கு வராமல் இருந்தான். சமாதானம் செய்து அழைத்து வந்தவர் அவன் தகப்பன் ஜிம்புன். மனைவியை இழந்தவர், மிளகுத் தோட்டக்காரர். நான் வந்த நாள் முதல் எனக்கும் சேர்த்துத் தம் அடுப்பில் சோறு பொங்கியவர். மகன் கிறிஸ்தவனாவதை அவர் தடுக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அது அவருடைய தகப்பனின் பெயர்.

போதகரிடம் ஒருமுறை சொன்னேன். பழைய வாழ்க்கையை விடுகிறவன் பழைய பெயரையும் விடட்டும் என்றார். மறுபடி நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். என்னைப் பற்றி ஊரில் என்னை அனுப்பிய மிஷனுக்கு என்ன எழுதுவாரோ என்ற பயம்தான். ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் எந்திரி திமோத்தேயு ஆனான்.

அன்று சாயங்காலம் ஜிம்புன் என் அறைக்கு வந்தார். கோபமில்லை. "இப்போது அவன் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சொல்லிப் பார்த்தார், நாக்குப் புரளவில்லை. மூன்றாம் முறை பாதியில் நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலையில் பாயையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு, ஆற்றின் மேல்பக்கத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் படகேறிவிட்டார்.

பெயர் என்ன என்ற அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. திண்டுக்கல்லில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, பத்தொன்பதாம் வயதில் ஞானஸ்நானம் பெற்றேன். கோயிலை விட்டு ஈரத்தலையோடு வெளியே வந்தபோது, எங்கள் ஊரான அகரத்திலிருந்து சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றி வந்த அப்பா, வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார்.

"இப்ப ஒம் பேரு என்னப்பு?"

தேவசகாயம் என்றேன். முத்துச்சாமி என்று பெயர் வைத்தவர் அவர்தான். செத்த நேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி, போறேன்."

வாரேன் என்று சொல்லிப் புறப்படுவதுதான் நம் வழக்கம். போறேன் என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அதன்பின் என்னிடம் பேசவில்லை, கப்பலேறும்போதும் வரவில்லை. கிறிஸ்துவுக்காக நான் சுமக்கும் சிலுவை என்று அதைக் கூட்டங்களில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையோடு. அவர் என்ன சுமந்தார் என்பது ஜிம்புனின் காலியான அடுப்பைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அந்த வாரமே அப்பாவுக்கு எழுதினேன். விசுவாசத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மழையைப் பற்றி, மிளகுக் கொடியைப் பற்றி எழுதி, கீழே முத்துச்சாமி என்று கையெழுத்திட்டேன். அடுத்த முறை போதகர் வந்தபோது, வீட்டுக்குள் அவனை எந்திரி என்றே கூப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் கறுத்தது. மிஷனுக்கு எழுதியும்விட்டார். அங்கிருந்து முடிவு இன்னும் வரவில்லை. தகப்பனை அழைத்து வர அவருடைய மகள் வீட்டுக்கு எந்திரியை இருமுறை அனுப்பினேன். ஜிம்புன் வர மறுத்துவிட்டார்.

போன வாரம் அப்பாவின் பதில் வந்தது. தங்கையின் கையெழுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதியது. உறையின் மேல் 'தேவசகாயம் அவர்கள்' என்று இருந்தது. அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லித்தான் எழுதியிருக்க வேண்டும். உள்ளே மூன்றே வரி.

"அப்பு, மேக்காட்டுல கெணறு வெட்டி முடிச்சாச்சு. தண்ணி உப்பில்ல. வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போ."

இன்று பதில் எழுத உட்கார்ந்தேன். மதியம் தபால் படகு புறப்பட்டுவிடும். எழுதி முடித்து, எந்தப் பெயரைப் போடுவது என்று பேனாவோடு இருந்தபோது படகுத்துறையிலிருந்து "எந்திரி" என்று ஒரு குரல். ஜிம்புனேதான். என் பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த அவன் எழுந்திருக்காமல் என்னைப் பார்த்தான், வீட்டுக்கு வெளியேயும் அந்தப் பெயருக்குக் குரல் கொடுக்கலாமா என்பதுபோல.

"போ, அப்பா கூப்பிடுகிறார்" என்றேன்.

அவன் ஓடினான். நான் 'உங்கள் மகன்' என்று மட்டும் எழுதி உறையை ஒட்டினேன். கிணற்றைப் பார்க்க வருவேனா என்பதற்கு அதில் பதில் இல்லை.