அம்மா சங்கத்தில் சேர்ந்த கதை

என் அம்மா யாருக்கும் பயப்பட மாட்டாள் என்று சங்கரன்கோவிலில் நாங்கள் இருந்த தெரு முழுக்கச் சொல்லும். பாராட்டாகச் சொன்னார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள், என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கிடைக்கும் நேரத்தில் படித்து, பரீட்சை எழுதி, ஹாம் ரேடியோவுக்கு மத்திய அரசின் உரிமம் வாங்கியிருந்தாள். மொட்டை மாடியில் இரண்டு மூலையிலும் குழாய் நட்டு நடுவே செம்புக் கம்பி கட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கோ ஓர் ஊரில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரிடம் அங்கே மழை உண்டா என்று விசாரிப்பாள். செல்போனில் கேட்கக்கூடிய சங்கதிக்கு இவ்வளவு கம்பி எதற்கு என்பார் அப்பா. பதில் வராது என்று தெரிந்தே கேட்பார்.

எனக்குப் பத்து வயதானபோது அந்தக் கம்பிக்கு ஆபத்து வந்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி விசைத்தறி வைத்திருந்தவர். அம்மா பேசும்போதெல்லாம் தன் வீட்டு டிவியில் கோடு கோடாக விழுகிறது என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைவலி வந்தது. இன்னொருவர் கம்பியில் இடி இறங்கித் தெருவே எரியும் என்றார். வீடு பெரியப்பாவின் பெயரில் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்பியை அவிழ்த்துவிட வேண்டும் என்று அவர் அப்பாவிடம் சொன்னார். அம்மாவிடம் நேரில் சொல்லும் தைரியம் அவருக்கும் இல்லை.

திருநெல்வேலியில் ஒரு பொறியாளர் இருந்தார். அவரும் உரிமம் உள்ளவர்; அம்மாவுக்கு ரேடியோவில் பேசிப் பழக்கம். நாடு முழுவதுக்குமான ஹாம் ரேடியோ சங்கம் ஒன்றில் உறுப்பினர். அவர் போனில் ஒரு வழி சொன்னார். அம்மாவும் சங்கத்தில் சேர்ந்துவிட வேண்டும். சங்கத்தின் கடிதம் ஒன்றை வாங்கி வாசலில் ஒட்டிவிட்டால் தெரு அடங்கிவிடும்.

அப்பாவுக்கு இது பிடித்துப் போயிற்று. “ஒரு ஃபாரம் தானே, எழுதிப் போட்டிரு. சேர்ந்தா என்ன குறைஞ்சா போகுது?”

“உரிமம் எம் பேருல இருக்கு. கம்பி சட்டப்படி கட்டின கம்பி. இதுக்கு மேல யார்கிட்ட போய் எழுதி வாங்கணும்? பயந்துக்கிட்டு ஒரு சங்கத்துக்குப் பின்னால போய் நிக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க” என்றாள் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே வாசலில் நின்று தெருவைக் கூப்பிட்டாள். “நான் இப்பம் பேசுதேன். எல்லாரும் அவங்கவங்க டிவியைப் போட்டுப் பாருங்க.” ஊரில் உரிமம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்; வேறு யாரும் அந்தக் கருவியில் பேசக் கூடாது. ஆகவே அவள் மாடியில் பேசினாள். வீடு வீடாகப் போய்ப் பார்த்து வரும் வேலை எனக்கு.

மூன்று வீடுகளில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டில் மட்டும், மாடியில் அம்மாவின் குரல் எழும்போதெல்லாம் படத்தின் குறுக்கே வரிவரியாகக் கோடு விழுந்தது. அவள் நிறுத்தினால் நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் அம்மாவிடம், “எங்கயும் ஒண்ணும் விழலைம்மா” என்றேன்.

அம்மா கீழே இறங்கி வந்து, எந்த வீட்டிலும் கோடு விழவில்லை என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். அண்ணாச்சி அசரவில்லை. “புள்ள பாத்துட்டுத் தானம்மா போச்சு. அவகிட்டயே கேளேன்” என்றார்.

“ஏட்டி, கோடு விழுந்துச்சா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“எம் பிள்ளை பொய் சொல்ல மாட்டா அண்ணாச்சி. பொய் சொல்லுதது யாருன்னு தெருவுக்குத் தெரியட்டும்.”

அவர் உள்ளே போய்விட்டார். நான் ஒரு போரையே வென்றுவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஆனால் அந்த வாரம் பள்ளிக்குப் போகையில் எதிர்வீட்டைத் தாண்ட முடியாமல் சுற்றிக்கொண்டு போனேன். அம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொறியாளர் வந்து இறங்கினார். அம்மாதான் வரச் சொல்லியிருந்தாள். அவரை மாடியில் பேச வைத்துவிட்டு, தான் பொய்யர் என்று சொன்ன மனிதரின் வீட்டுக்குள் தனியாகப் போனாள். நான் எங்கள் வீட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடி நிச்சயம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வெளியே வந்தவள் நடுத்தெருவில் நின்றாள்.

“அண்ணாச்சி சொன்னது நெசம். கோடு என் செட்டுனாலதான் விழுது. போன வாரம் அவங்களைப் பொய்க்காரர்னு சொன்னது என் தப்பு.”

பெரியப்பா வேகமாக வந்தார். “அப்பம் கம்பியை அவுத்திருவமா?”

“கம்பி அங்கனதான் இருக்கும் அத்தான். கோடு இருக்காது.”

அப்படியே ஆயிற்று. கருவியிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் எர்த் இணைப்பு துருப்பிடித்துக் கிடந்ததுதான் கோட்டுக்குக் காரணம் என்று பொறியாளர் கண்டுபிடித்தார். இரண்டு வாரம் இருவருமாக ஏறி இறங்கிச் சரிசெய்தார்கள். கடைசியில் அண்ணாச்சியே மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு அம்மா பொறியாளரிடம் சங்கத்தின் படிவத்தைக் கேட்டு வாங்கினாள்.

“வாசல்ல ஒட்டக் கடிதத்துக்கும் சேத்து எழுதிரட்டுமா மேடம்?”

“கடிதம் எதுக்கு சார்? உங்களை மாதிரி இன்னும் நாலு பேர் எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கும் வளையாதவள், பிரச்சினை தீர்ந்த பிறகு போய்ச் சேருகிறாளே! “தோத்துட்டியாம்மா?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள். என் பொய்யைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகு எந்த நாளும் பேசவில்லை. இரண்டு நாள் அவளோடு நான் பேசாமல் இருந்தேன்.

சங்கம் என்றால் நம் பக்கம் நின்று சத்தம் போடும் கூட்டம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அப்படி நிற்பதற்கு வீட்டிலேயே ஒருத்தி இருக்கும்போது வெளி ஆள் எதற்கு என்பது என் கோபம். அம்மா தேடியது, அவள் தப்பை அவள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஓர் ஆளை. வீடு வீடாகப் பார்த்து வரச் சொன்ன அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த இடத்தில்தான் என்னை நிறுத்தியிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.