வால்வுப் பெட்டிக்கு வேனில் ஓர் இடம்

கல்யாணக் கச்சேரியில் கிடார் வாசிக்கிறவனைச் சாப்பாட்டுப் பந்தியில் மட்டும்தான் எல்லாரும் கவனிப்பார்கள். மேடையில் பாடுகிறவர் முன்னால் நிற்பார், பின்னால் டிரம்ஸ் இடிக்கும். நடுவில் நம் ஆறு கம்பி என்ன சொல்லிற்று என்று யாருக்கும் தெரியாது. என்னைப்போல் ஓரத்தில் நின்று பழகியவர்களுக்கு இது புதிதல்ல. கூச்சக்காரனான எனக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆனாலும் என் வாசிப்பு என் காதிலாவது விழ வேண்டும் என்ற ஆசை விடவில்லை. அதற்காக, கண்ணாடிக் குழல்கள் சூடாகிச் சத்தத்தைப் பெருக்கும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன்.

டி.வி.க்கு அடியில்

மேலகரத்தில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் வீட்டில் அது இருந்தது. அவர் அண்ணன் பம்பாயில் ஹோட்டல்களில் வாசித்தவராம். அண்ணன் காலமான பிறகு அந்தப் பெட்டி, டி.வி. வைக்கிற மேசையாகிவிட்டது. டி.வி.யை இறக்கி, பின்பக்கம் டார்ச் அடித்து எண்ணினேன். வால்வு ஐந்து, ஐந்தும் இருந்தன. சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. "அது செத்து வருசமாச்சு அண்ணாச்சி" என்றார் போலீஸ்காரர். வால்வு சூடாகட்டும், பொறுங்கள் என்றேன். கண்ணாடிக்குள் மெல்லச் செம்மஞ்சள் வெளிச்சம் ஏறியது. தூசி கருகும் வாசனை வந்தது. கிடாரில் ஒரு கம்பியைத் தட்டினேன். அவர் மனைவி சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

விலை படிந்தது. டி.வி.யை இனி எதன்மேல் வைப்பது என்ற பேச்சுதான் படியவில்லை. மறுநாள் தென்காசியில் ஒரு மர ஸ்டூல் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். அந்த அம்மா ஸ்டூலை அசைத்துப் பார்த்தார்.

"ஒங்க ஸ்டூலு ஆடுது அண்ணாச்சி. அந்தப் பெட்டி ஒருநாளும் ஆடுனதில்ல."

மடியில் தபேலா

எங்கள் குழுவை நடத்துகிறவர் சுயம்பு. என்னைவிடச் சின்னவர், ஆனால் வேன் அவருடையது. பெட்டியை ஏற்றியதும் தபேலாக்காரர் தபேலாவை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. வழி நெடுக அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. இறங்கியதும் சுயம்பு கெடு வைத்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை இலஞ்சி ரிசப்ஷன் வரைக்கும்தான் அண்ணாச்சி. அங்கன ஒங்க கிடாரு எனக்குத் தனியாக் கேக்கணும். கேக்கலன்னா மறுநாள் வேன்ல இதுக்கு எடம் இல்ல."

ஐந்தருவிச் சாரல்

இடையில் ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் கச்சேரி. நல்ல சீசன். சாரல் பக்கவாட்டில் அடித்து மேடையெல்லாம் ஈரம். பாடுகிற செல்வி நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு, பெட்டிக்குப் பின்னால் போய்க் கையை நீட்டினாள். சற்று நேரத்தில் தபேலாக்காரரும் அங்கே குந்தினார். அன்றைக்குத்தான் அவருக்குப் பெட்டிமேல் கோபம் தணிந்தது. நான் பாட்டுக்கு இடையில் திரும்பிப் பார்க்கிறேன், குழுவில் பாதி என் பின்னால் குளிர்காய்கிறது. லாட்ஜ் மேனேஜரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார்.

"ஹீட்டர் கொண்டாந்தா முன்னாடியே சொல்லணும்லா? கரண்டுக்குத் தனி சார்ஜ் உண்டு."

இலஞ்சி ரிசப்ஷன்

வெள்ளிக்கிழமை பெட்டியைச் சுயம்புவின் காதுக்கு நேராகத் திருப்பி வைத்தேன். மூன்றாவது பாட்டில் எனக்குத் தனியாக ஒரு துண்டு வரும். வந்தது. விரல் ஒரு கட்டை தள்ளி விழுந்தது. முன்பெல்லாம் அது எனக்கும் கிடாருக்கும் இடையில் போய்விடும்; இன்று மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார். காது சுட்டது. நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அடுத்த சுரம் சரியாக விழுந்தது. சத்தம் கனமாக, உருக்கிய நெய் மாதிரி வழிந்து மண்டபத்தின் கடைசி வரிசை வரை போனது. பந்திக்கு எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். பெண்ணின் பெரியப்பா மேடைக்கு வந்து அதையே இன்னொரு தரம் கேட்டார். இரண்டாம் தரம் பிழையில்லாமல் வாசித்தேன். சிரித்துக்கொண்டே வாசித்ததாகச் செல்வி சொன்னாள்.

சாமான் ஏற்றும்போது சுயம்பு வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்தன வருசமா நீங்க தப்பே விடமாட்டீங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி. நீங்க வாசிச்சதே கேக்கலன்னு இப்பதான தெரியுது! ஏலே, பெட்டிய மொதல்ல ஏத்துங்கலே."

இப்போது வேனில் பெட்டிக்கு நிரந்தரமாக ஓர் இடம், வீட்டில் எனக்குத் தினமும் காலையில் சாதகம். கேட்கிறது என்று ஆன பிறகு வேறு வழி?