பிக்கப்புக்கு வாங்கிய வழவழ விரிப்பு

ஐப்பசி நான்காம் தேதி, காலை ஒன்பது பத்து, தூறல். பாரிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் முன்னால் என் பதினாறு வருடத்துப் பிக்கப் நின்றது. என் டைல்ஸ் கடைக்கு அது ஒன்றுதான் வண்டி. பின்பக்கத் தளம் துருப்பிடிக்கிறதே என்று முதல் நாள்தான் அம்பத்தூரில் விரிப்பு போட்டிருந்தேன். ரப்பர் பாய் சொரசொரப்பு, அழுக்கு தங்கும் என்று ஒதுக்கிவிட்டு, வழவழப்பான பிளாஸ்டிக்கை எடுத்தேன்.

டைல்ஸ் பெட்டி இறக்க ஏறிய சித்தாள் கன்னியம்மா அந்த ஈர விரிப்பில் வழுக்கி, பெட்டியோடு கீழே விழுந்தாள். ஓடிப்போன நான் பெட்டியைப் பிரித்து உடைந்த டைல்களை எண்ணினேன்.

“நாலு போச்சு! பாத்து இறங்கக் கூடாதா?” என்று கத்தினேன்.

அவள் மணிக்கட்டு கோணியிருந்தது. “யோவ் பெருசு, நான் உயுந்து கெடக்கறேன், நீ டைல்ஸ எண்ணிகினு கீறியா? என் கையில எத்தினி எலும்பு போச்சு, அதையும் எண்ணு!” என்றாள்.

மறுநாள் விரிப்புக் கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன். “மழையில வழுக்கும்னு ஏன்யா சொல்லல? ஒரு பொம்பள கைய ஒடச்சுக்கிட்டா!”

“வண்டியில ஒரு கீறல் உயுந்துச்சா சார்? அப்பால இன்னா?”

அறையக் கை எழுந்தது. முந்தைய நாள் நான் பேசியதும் இதே பேச்சுதான். அதனால்தான் அந்த ஆள் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை.

பிளாஸ்டிக்கைப் பெயர்த்தெறிந்துவிட்டு ரப்பர் பாயே போட்டேன். இரண்டு விரிப்பு, மாவுக்கட்டு, கன்னியம்மாவின் ஆறு வாரக் கூலி, எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.