மேகமலைக்கு மாட்டிய கியர்

தேனியில் கியர் சைக்கிள் மாட்ட என்னை மிஞ்ச ஆளில்லை. பொய். அவர் வரும்வரை மாட்டியது ரெண்டு, அதிலொன்று என்னுடையது.

அவர் ஒரு நெட்டை மனிதர், கியர் மாட்டச் சொல்லி வெறும் ஃபிரேமோடு என் சைக்கிள் கடைக்கு வந்தார். எதையும் மூன்று தடவை கேட்பார்.

"தம்பி, மேகமலைக் கல்ரோட்டுக்குக் கிராவல் கியர் செட்டா, சாதா ரோடு செட்டா?"

கல்பாதைக்கென்றே வரும் கிராவல் செட்டில் செயினைத் துள்ளவிடாமல் பிடிக்கும் ஸ்பிரிங் உண்டு. அதை மாட்ட எனக்குத் தெரியாது, சொல்ல வெட்கம்.

"ரோடு செட்டே போதும்ணே."

"எறக்கத்துல செயின் கழண்டுராதுல்ல?" மூன்றாம் தடவையாகக் கேட்டார்.

"கழண்டுராதுண்ணே."

மறுநாள் சின்னமனூர் வழியாக மலையேறினார். திரும்பும்போது கடைக்கு வருவதாகச் சொன்னவர், பத்து மாதமாக வரவில்லை. பெயர்கூடக் கேட்டு வைக்காத மடையன் நான். வாசலில் சைக்கிள் நின்றாலே அவரோ என்று எட்டிப் பார்க்கிறேன். நேற்றுக்கூட...

"ஏங்க," வாசலிலிருந்து மனைவி கூப்பிடுகிறாள், "நெட்டையா யாரோ சைக்கிளத் தள்ளிக்கிட்டு வாராக. செயின் கழண்டு தொங்குது. வெரசா வாங்க!"