மாமியாரின் மண்ணில் டெஸ்மண்ட்

என் வீட்டுக்காரன் டெஸ்மண்டுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பான். அப்படிப்பட்டவனுக்கு எங்கள் ஊர் கிளினிக் கொடுத்திருக்கும் வேலை, மனசு ஒடிந்தவர்களின் பக்கத்தில் உட்காருவது. இதைச் சொல்லி நான் சிரித்தால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இருபது வயதில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்து வறண்ட ஆற்று மணலில் குடித்துக் கிடந்து சாகப் பார்த்தவன் அவன். அவனுடைய பெரியப்பாக்கள் தூக்கிக்கொண்டு போய், அப்பன் வழி மண்ணில் இரண்டு மாதம் வைத்து, அந்த இடத்துப் பாட்டையும் ஆட்டத்தையும் அவனுக்குள் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து யாராவது முகம் வாடி உட்கார்ந்தால் போதும், வண்டிச் சாவியை எடுத்துவிடுவான். அவரவர் மண்ணில் கொண்டுபோய் இறக்கி, தீ மூட்டி, வேட்டைக்கு அனுப்பி, பாடவைத்துத்தான் திரும்புவான். மாத்திரைக்கு எழாத நாலைந்து பேர் அப்படி எழுந்து நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த வெயில்காலம் தொடங்கும்போது என் தம்பி கார் கவிழ்ந்து இறந்தான். இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அவன் பெயரை இப்போது ஊரில் யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. அம்மா தலைமுடியை வெட்டி, உடம்பில் வெள்ளை மண் பூசிக்கொண்டு, ஊருக்கு மேற்கே துக்கப் பெண்களின் முகாமுக்குப் போய்விட்டாள். பிள்ளையை இழந்தவள் துக்கம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது, எல்லாம் கைச்சாடைதான். விமானத்தில் வந்துபோகும் ஆலோசகர் பெண் அவளைப் பார்த்துவிட்டு, 'பேச மறுக்கிறார்' என்று எழுதினாள். அது நோயில்லை என்று புரியவைக்க டெஸ்மண்ட் அரைமணி நேரம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினான்.

ஆனால் அம்மா சாப்பாட்டைக் குறைத்தது நிஜம். அதுதான் அவனை அரித்தது. எங்கள் பழங்குடி வழக்கப்படி மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, அவள் இருக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. ஊரில் எல்லோர் பக்கத்திலும் உட்காருகிறவன் என் அம்மா பக்கத்தில் மட்டும் உட்கார முடியாது.

"சாப்பிட்டாங்களா? எவ்வளவு? டீயில சர்க்கரை போட்டியா?" என்று என் உயிரை வாங்கினான்.

ஒரு திங்கட்கிழமை மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துப்போக நான் வரத் தாமதமாகிவிட்டது. இருப்புக்கொள்ளாமல் அவனே சூப்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நேரே முகாமுக்குள் போய்விட்டான். எந்த நோயாளியிடமும் போவது போலக் குனிந்து, கையை நீட்டி, அம்மாவின் முகத்துக்கு நேரே நின்றிருக்கிறான். அம்மா போர்வையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மண்ணில் கவிழ்ந்தாள்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு? யார் முன்னாடி நிக்கறேன்னு தெரியலை?" என்று என் பெரல் அத்தை விறகுக்கட்டையோடு துரத்தினாள்.

அந்த வெட்கத்துக்குப் பிறகு அம்மா டீயையும் நிறுத்தினாள். புதன்கிழமை நர்ஸ் ஜில் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்குள்ள ஏதாவது சாப்பிடணும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை பிளேன்ல நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதைத் தவிர வேற வழியில்லைம்மா." அந்த விமானத்தில் போன எங்கள் சனம் எத்தனை பேர் உயிரோடு திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் டெஸ்மண்ட் கதவுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தான். "நான்தான் கொன்னுட்டேன். ஊரையே காப்பாத்தறேன்னு திரிஞ்சு, உங்கம்மாவை நானே கொன்னுட்டேன்."

"இன்னும் சாகலை. வாயை மூடு."

சட்டென்று நின்று சாவியை என் கையில் திணித்தான். "நீ ஓட்டு. அவங்களை அவங்க மண்ணுக்குக் கூட்டிட்டுப் போ."

"உன்னைத் தவிர யாரும் கிளினிக் வண்டியைத் தொடக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கே. வேலை போயிடும்டா."

"போகட்டும். அவங்க இருக்கற வண்டியில நான் ஏறக் கூடாது, விடியறதுக்குள்ள அங்கே நடந்துடறேன். தொலைவுலதான் நிப்பேன், சத்தியமா."

பதினெட்டு கிலோமீட்டர். மறுநாள் காலையில் நான் அம்மாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு மணல் பாதையில் உருட்டினேன். அம்மா பின்சீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"ஒட்டகமே நம்மளைத் தாண்டிப் போகுதுடி," என்றாள் அத்தை.

"இறங்கி அதுல ஏறிக்கோயேன்," என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மாவின் மண்ணிலிருக்கும் ஊற்றுக்கு முன்னால் பாதையோரம், இலைகள் மேல் சாம்பலில் சுட்ட உடும்பு ஒன்று இருந்தது. டெஸ்மண்ட் வரும் வழியில் எங்கோ தோண்டிப் பிடித்திருக்கிறான். அவனோ தூரத்து மரங்களுக்கு அப்பால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஊற்றின் பக்கம் அவன் வரவில்லை. அந்த மண்ணுக்கு அவனை யாரும் இதுவரை அறிமுகம் செய்யவில்லை. சொல்லாமல் நுழைகிறவனை மண் சும்மா விடாது.

அம்மா இறங்கினாள். பாறையில் குந்தித் தண்ணீரில் கை நனைத்தாள். குரல் கொடுத்துச் சொல்ல முடியாததால் ஊற்றைப் பார்த்துக் கையாலேயே பேசினாள். நான் வந்திருக்கிறேன். மகன் போய்விட்டான். இவள் என் மகள், இவள் என் நாத்தி. கை நின்றது. அவ்வளவுதான், அவனைச் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். பிறகு, திரும்பாமலே, முதுகுக்குப் பின்னால் மரங்களைக் காட்டினாள். அங்கே நிற்பவன் என் மருமகன், அவனையும் பார்த்துக்கொள். அத்தை விசும்பிவிட்டாள்.

உடும்பை முன்னால் வைத்தேன். யார் பிடித்தது என்று விரல் கேட்டது. சொன்னேன். அம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாலைப் பிட்டு வாயில் போட்டாள்.

நான் மரங்களுக்கு ஓடினேன். "சாப்பிடறாங்க!"

"பொய் சொல்லாதே."

"வால் பக்கம். கொழுப்போட."

"முழுங்கினாங்களா? நீ பாத்தியா?"

"ரெண்டு கண்ணால பாத்தேன்." திரும்பிப் பார்க்க அவன் கழுத்து துடித்தது. திரும்பவில்லை. கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஊற்றுப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. "டேய், உன் மாமியா இன்னொண்ணு கேக்கறாடா! இருக்கா, இல்லையா?"

அவன் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தான். எதிரே புல்மேடு கண்ணுக்கெட்டிய தூரம் வரை அம்மாவின் மண்தான். "இங்கே நான் தோண்டக் கூடாதே," என்றான்.

"ஊத்துக்கிட்ட உன்னையும் சொல்லிட்டாங்க," என்றேன். "போ."