அழகம்மா ஓடிய கரை

ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், சுவருக்கு அடுத்த காம்பராவில் இருந்தவள் அழகம்மா. கொழுந்து பறிக்கிறவள் மலையை விட்டிறங்கித் திருகோணமலைக் கடலைப் பார்த்தாள் என்றால் நம்புவீர்களா? பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்பேன் நான்.

அவளைக் கடல்வரைக்கும் கொண்டுபோனது எங்கள் ஆறுதான். ஒரு ஐப்பசி மழையில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் சின்ன மகன் ஆற்றில் விழுந்துவிட்டான். எல்லோரும் அவன் விழுந்த இடத்தில் நின்று கூச்சல் போட்டார்கள். அழகம்மா அங்கே போகவேயில்லை. கூடையை வீசிவிட்டுச் சரிவில் குறுக்கே கீழே ஓடினாள். ஆறு வளைகிற இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையை விரித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அவள் கைக்கே வந்து சேர்ந்தான். மலையில் பிறந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் கொண்டுபோனதைத் துரத்திப் பிடிக்க முடியாது, முந்திப்போய்க் கீழே நிற்கவேண்டும்.

துரைசாணி அவளைப் பங்களாவுக்கு ஆயாவாக எடுத்துக்கொண்டாள். அழகம்மாவுக்கும் அவள் புருஷன் வீரய்யாவுக்கும் பிள்ளையில்லை. அந்த வெள்ளைப் பிள்ளை அவள் மடியிலேயே கிடந்தது. கண்டிக்குப் போனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் குளக்கரையில் நடக்கும். "பெறாமலே தாயாயிட்டா" என்று கேலி செய்தோம். உள்ளுக்குள் பொறாமைதான்.

முப்பத்தொன்றாம் வருஷம் துரை குடும்பம் கடற்காற்று வாங்கத் திருகோணமலைக்குப் போனது. ஆயாவையும் கூட்டிப்போனார்கள்.

"ஊரு மூக்கு மாதிரி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கு அக்கா" என்று அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். "நுனியில சாமிப்பாறை. ரெண்டு பக்கமும் கடலு வளஞ்சு கெடக்கு."

அந்தப் பாறையிலிருந்த கோயிலைப் பறங்கி இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினானாம். ஒல்லாந்தன் அதைப் பிடித்தான், பிறகு இங்கிலீஷ்காரன் பிடித்தான். கப்பல் பத்திரமாக நிற்க ஒரு துறைமுகம் வேண்டுமென்றுதான் இத்தனை அடிபிடி. ஆனால் கப்பல் நிற்பது மேற்கே, மலைகளுக்கு உள்ளே. துரைமார் குளிப்பது கோட்டைக்குப் பக்கத்தில், திறந்த குடாவில். அந்தத் தண்ணீர் யாருக்கும் பத்திரமில்லை.

துரையும் துரைசாணியும் பங்களா விறாந்தையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை ஆயாவின் கையைப் பிடித்து அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தான். பெரிய அலையொன்று இருவரையும் புரட்டியது. கை விட்டுப்போனது.

அழகம்மா எழுந்தாள், கரையோரமாக ஓடினாள். கொஞ்சத் தூரம் போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க ஓடுறாய் தங்கச்சி? நேர வெளிக்கடலுக்கு இழுக்குது!" என்று வலைக்காரர் ஒருவர் கத்திக்கொண்டே பாய்ந்தார். அவர் தூக்கி வரும்போது பிள்ளைக்கு உயிரில்லை. அழகம்மா அப்போதும் கையை விரித்தபடியே நின்றாளாம்.

விறாந்தையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆயா பிள்ளையை விட்டுவிட்டு ஓடினாள். துரை அப்படியே சொன்னார், கங்காணி அப்படியே லயத்தில் சொன்னான். துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறியது. அழகம்மாவுக்குத் திரும்பவும் கூடை. ஆற்றங்கரையில் அவள் ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்களின் வாய்களே அவளுக்கு 'ஓடுகாலி' என்று பெயர் வைத்தன. இந்த வாய்களில் புழு வைக்காதா என்று எனக்கு ஆத்திரம் வரும். அவளோ மலையில் வேகமாக நடப்பதைக்கூட விட்டுவிட்டாள்.

அதன்பின் சில வருஷம் கழித்து, அதேபோல ஒரு ஐப்பசி மழையில், பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் ரத்தினம்மாவின் மகள் ஆற்றில் வழுக்கி விழுந்தாள். கரையில் நின்றது அழகம்மா மட்டும்.

"அழகம்மா, ஓடுடீ! கீழ ஓடு!" என்று மேலிருந்து ரத்தினம்மா அலறினாள்.

அழகம்மா ஒரு காலைத் தூக்கினாள். தூக்கிய இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

வளைவுக்கு அப்பால் விறகு வெட்டிக்கொண்டிருந்த வீரய்யாதான் தண்ணீரில் குதித்துப் பிள்ளையை இழுத்துப்போட்டான். கை முறிந்திருந்தது, உயிர் இருந்தது. ரத்தினம்மா இறங்கி வந்து அழகம்மாவின் முடியைப் பிடித்து உலுக்கினாள்.

"கல்லு மாதிரி நின்னியே, ஏன்டி ஓடல?"

ஆறு அவள் காலடியில் நுரைத்துக்கொண்டு கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அழகம்மா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரியல அக்கா."