தளபதியின் மனைவி சாகவில்லை

சண்டையிலிருந்து தப்பி வந்த ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டைப்படம் வாடகைக்கு எடுத்துப் பார்த்தார்கள் என்றால் என் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்து எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. அப்பாவோடு தையல் தொழிற்சாலையில் வேலைசெய்த நாலைந்து பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, அப்படியே தொலைக்காட்சிக்கு முன்னால் குந்திவிடுவார்கள். எல்லோரும் மனைவிமாரை ஊரில் விட்டுவிட்டு வந்து, அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள். எங்களோடு இருந்த சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். அப்பா முந்தி வந்தபடியால் அம்மாவுக்கும் எனக்கும் அனுமதி சுகமாகக் கிடைத்துவிட்டது. பிந்தி வந்த சித்தப்பாவுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. சித்தி எப்ப வருவா என்று சாப்பாட்டு மேசையில் கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்குவது என் வழக்கம்.

எனக்கு ஊரில் நினைவிருந்த ஒரே முகம் சித்தியுடையது. நான் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தால் என் பங்கைத் தானே சாப்பிடப்போவதாக வெருட்டுவா. வெருட்டுவதோடு நிற்காமல் பாதியைச் சாப்பிட்டும் விடுவா. அப்படி ஒரு பெரிய ஆளை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

சித்தப்பா ஊரில் சங்கக்கடை மனேச்சர். சீனி நிறுத்தால் தராசு முள் நேரே நின்றால்தான் பொட்டலம் கட்ட விடுவாராம். சொந்த அண்ணனுக்கும் ஒரு சிறங்கை கூட வராது என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட மனுசனோடு இருந்து படம் பார்ப்பது பெரிய கரைச்சல். அதிலும் அமெரிக்காவில் எடுத்த பழைய படங்கள், உண்மையில் வாழ்ந்த தளபதிகளின் கதை என்று சொல்லி எடுத்தவை, வந்தால் தொலைந்தோம். அந்தத் தளபதியைப் பற்றிய இங்கிலீசுப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்துவந்து மடியில் விரித்து வைத்துக்கொள்வார். தளபதி வெள்ளைக் குதிரையில் பாய்ந்து வரும் இடத்தில் படத்தை நிறுத்துவார். அந்த ஆளுக்கு மூலவியாதி, குதிரையில் ஏறினதே இல்லை, வண்டிலில்தான் போனது என்பார்.

“டேய், மூலவியாதியைப் பாக்கவே நாங்கள் வந்தனாங்கள்? ஓடவிடு” என்று அப்பா கத்துவார்.

அந்தக் குதிரைப் படத்தின் கடைசியில் தளபதியின் மனைவி செத்துப்போவாள். அவர் போர்முனையில் வென்றுகொண்டிருக்க, இவள் வீட்டில் காய்ச்சலில் கிடந்து யன்னலைப் பார்த்தபடி கண்ணை மூடுவாள். நான் விம்மி விம்மி அழுதேன். மனைவிமாரை விட்டுவந்த அந்தப் பெரிய ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சித்தப்பா என்னை இழுத்து மடியில் வைத்துப் புத்தகத்தைக் காட்டினார்.

“அழாதை பிள்ளை. அவ சாகேல்லை. மனுசன் போனாப்பிறகும் கனகாலம் இருந்து கோழி வளர்த்தவ. சனம் அழவேணுமெண்டு படத்தில சாகக் குடுத்திருக்கிறாங்கள்.”

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கோழி வளர்க்கிற கிழவியை நினைத்துக்கொண்டு நித்திரைக்குப் போனேன்.

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு டெனிஷ் அம்மா இருந்தா. அந்த நகரத்துச் சனம் இந்த மனுசர்களின் கதையைக் கேட்டால் மேலிடத்துக்கு எழுதும், அப்போது விண்ணப்பங்கள் நகரும் என்று நம்பினா. தேவாலய மண்டபத்தில் ஒரு பின்னேரம் கோப்பியும் கேக்கும் வைத்து ஆட்களைக் கூட்டினா. சித்தப்பா பேசவேண்டும், அப்பா டெனிஷில் சொல்லவேண்டும். சித்தி வருவது இதில்தான் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொன்னபடியால் நான் கையைக் கூப்பிக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன்.

சித்தப்பா நிறுத்துக் கொடுப்பதுபோலப் பேசினார். மனைவி தமக்கையின் வீட்டில் இருக்கிறாள். ஷெல் அடித்தால் பங்கருக்குள் போவாள், நின்றால் வெளியே வந்து சமைப்பாள். இன்றுவரை அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்கமுதல் கூப்பிட விரும்புகிறேன். அப்பா இதை டெனிஷில் சொல்லும்போது வீட்டை எரித்தார். எரிந்த வீட்டிலிருந்து சித்தியை ஓடவிட்டார். ஒரு கிழவி கைக்குட்டையை எடுத்தா. அந்த நேரம் பார்த்து, அரைகுறை டெனிஷ் விளங்கிய சித்தப்பா எழும்பி, “நை, நை”, இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். வீடு எரியவில்லை, இரண்டு ஓடு உடைந்தது, அவ்வளவுதான் என்று தானே திருத்தினார். கைக்குட்டை திரும்பப் பைக்குள் போனது. மண்டபம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டு கேக் எடுத்தது.

காரில் அப்பா பொரிந்து தள்ளினார். “ஓடு உடைஞ்சதெண்டால் ஆரடா அழுவான்? படத்தில எப்பிடிக் காட்டுறாங்கள், பாக்கிறனிதானே?”

“என்ர மனிசி படம் இல்லை அண்ணை” என்றார் சித்தப்பா.

எனக்கு அப்பா பக்கம்தான் நியாயம் தெரிந்தது. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தால் சித்தி வந்திருப்பா என்று சித்தப்பாவோடு இரண்டு நாள் கோபம் போட்டேன். கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றுதான் என்பது ஏழு வயதுக்கு எங்கே தெரியும். தமிழரின் குடும்ப விண்ணப்பங்களைக் கையில் எடுக்கவேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். உண்மை சொன்னவனுடையதும் பொய் சொன்னவனுடையதும் ஒரே அடுக்கில் பிரிக்காமல் கிடந்தன. பின்னாளில் அது வழக்காகி, டெனிஷ் அரசே கவிழ்ந்தது. அந்தச் செய்தியைச் சித்தப்பா பாதியில் நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்தார்.

அந்த வருடம் குளிர் தொடங்கியபோது கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. ஷெல் நின்றுவிட்டதென்று சித்தி சமைக்க வெளியே வந்திருக்கிறா. ஷெல் நிற்கவில்லை. எனக்கு இது தெரிய அடுத்த வருடமாகியது. சித்தப்பாவுக்கு முன்னால் நான் எதையாவது உளறிவிடுவேன் என்று அம்மா பயந்து, அவருக்குக் காய்ச்சல், தொந்தரவு செய்யாதே என்று மட்டும் சொல்லிவைத்தா. வீட்டில் படமும் நின்றுபோனது.

மற்றவர்களின் மனைவிமார் இன்னும் ஊரில்தானே இருக்கிறார்கள், அவர்களுக்காக இன்னொருமுறை பேசமுடியுமா என்று மேல்மாடி அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டா. சித்தப்பா ஓம் என்றார். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் கூட்டிக்கொண்டு போய், தேவாலயக் குசினியில் கேக் வெட்டுகிறவர்களோடு விட்டார்கள். சித்தப்பாவின் குரல் கேட்டதும் நான் நழுவிக் கதவடியில் போய் நின்றேன்.

பேச்சு மிகவும் சின்னது. சமைக்க வெளியே வந்தாள், செத்துப்போனாள், இனி எனக்கு ஒருவரையும் கூப்பிடத் தேவையில்லை, இவர்களின் பெண்களைக் கூப்பிடுங்கள் என்றார். அப்பா இந்தமுறை ஒரு சொல்லும் கூட்டவில்லை. பாதியில் அவருக்குக் குரல் வரவில்லை. மண்டபம் முழுக்க அழுதது. கேக் வெட்டுகிறவர்களும் கத்தியை வைத்துவிட்டு அழுதார்கள்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சித்தப்பா கடைசியில் கூட்டிச் சொல்லப் பழகிவிட்டார், சனம் அழவேண்டும் என்று சித்தியைச் சாகக் கொடுத்துவிட்டார். அப்பாகூட எவ்வளவு திறமாக நடிக்கிறார் என்று நினைத்தேன். கூட்டம் கலைய ஓடிப்போய்ச் சித்தப்பாவின் கழுத்தைக் கட்டி, ஒருவருக்கும் கேட்காமல் காதுக்குள் சொன்னேன்.

“நல்லாச் சொன்னீங்கள் சித்தப்பா. எல்லாரும் நம்பிட்டினம். இனிச் சித்தி வந்திடுவா, என்ன?”

அவர் அப்பாவை ஒருமுறை பார்த்தார்.

“ஓம் பிள்ளை” என்றார். “வருவா.”

சித்தப்பா பொய் சொல்கிறவர் இல்லை. அதனால் நான் ஒரு வருடம் முழுக்க அதை நம்பினேன்.